பழைய இணைய முகவரியிலிருந்து சொந்த முகவரிக்கு: சேலத்திலும் ஏற்காட்டிலும் தொழில் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் சிறு தொழில் செய்பவர்களுக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்துப் பராமரிப்பது என் வேலை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள், அம்மாப்பேட்டையில் பட்டு வேட்டி நெய்து விற்பவர்கள், ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் நான்கைந்து அறைகள் கட்டி வாடகைக்கு விடுபவர்கள் என்று பலர் என்னிடம் வருகிறார்கள். பெரும்பாலோர் இலவச முகவரியில் தொடங்கியவர்கள். தொழில் கொஞ்சம் நிமிர்ந்த பிறகு கடையின் பெயரிலேயே ஒரு முகவரி வாங்குகிறார்கள். வாங்கிய மறுநாளே கேள்விகள் தொடங்கிவிடும். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் எழுதிவைக்கிறேன்.

இலவச முகவரியே நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. சொந்த முகவரிக்கு எதற்காகப் பணம் கட்ட வேண்டும்?

வாடகைக் கடையில் எவ்வளவு செலவழித்து அலமாரி அடித்தாலும், காலி செய்யச் சொன்னால் காலி செய்ய வேண்டியதுதான். இலவச முகவரியும் அப்படித்தான். கூகுளில் தொழில் விவரம் பதிந்தவர்களுக்கு அந்த நிறுவனமே ஒரு சிறிய இணையதளத்தை இலவசமாகக் கொடுத்துவந்தது. அதன் முகவரி 'பிசினஸ் டாட் சைட்' என்று முடியும். 2024 மார்ச்சில் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. அந்த முகவரிகளுக்கு வந்தவர்களை அதே தொழிலின் கூகுள் விவரப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு 2024 ஜூன் 10 வரை இருந்தது. அதன் பிறகு அதுவும் இல்லை. பெயர்ப்பலகையிலும் பில் புத்தகத்திலும் அந்த முகவரியை அச்சடித்திருந்தவர்களுக்கு அச்சு மட்டும்தான் மிஞ்சியது.

சொந்த முகவரி இருந்தால் தளத்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இடத்தை எத்தனை முறை மாற்றினாலும் முகவரி மாறாது.

புது முகவரி வாங்கிவிட்டேன். பழையதை அழித்துவிடலாமா?

தயவுசெய்து அழிக்காதீர்கள். உங்களுக்குத்தான் அது பழையது. வாடிக்கையாளர் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பட்டறைக்காரர் தன் கொலுசுப் பெட்டியை என் முன்னால் திறந்து காட்டினார். ரோஸ் நிறத் தாளில் சுற்றிய கொலுசு. பெட்டி மூடியின் உள்பக்கத்தில் கடையின் பெயர், தொலைபேசி எண், அதற்குக் கீழே கூகுளின் இலவச பிளாக்கர் சேவை தந்த பழைய பிளாக்ஸ்பாட் முகவரி. "இந்தப் பெட்டியை யாரும் தூக்கிப் போடுவதில்லை, பீரோவில் வைத்திருப்பார்கள். திருகு கழன்றால், சலங்கை விழுந்தால், அளவு சின்னதாகிவிட்டால் பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் எங்களைத் தேடி வருவார்கள்" என்றார். அந்தப் பெட்டி எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று அவராலேயே சொல்ல முடியாது. பழைய முகவரியை அழித்தால் அத்தனை வீட்டுக் கதவையும் அடைத்ததாகிவிடும். அங்கே வருபவரைப் புது இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும். இதற்குத்தான் ரீடைரக்ட் என்று பெயர்.

301, 302 என்கிறார்களே, இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

பிரவுசர் ஒரு முகவரியைக் கேட்டதும் சர்வர், அதாவது தளத்தை வைத்திருக்கும் கணினி, மூன்று இலக்க எண்ணோடு பதில் சொல்கிறது. 200 என்றால் பக்கம் இருக்கிறது. 404 என்றால் இல்லை. 301 என்றால் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது, 302 என்றால் இப்போதைக்கு வேறு இடத்தில் இருக்கிறது.

மழைக்காலத்தில் மண் சரிந்து ஏற்காட்டு மலைப்பாதை அடைபட்டால், வண்டிகளைக் குப்பனூர் வழியாகப் போகச் சொல்வார்கள். மண்ணை அள்ளியதும் பழைய பாதை திறந்துவிடும்; வழிகாட்டிப் பலகைகளை யாரும் மாற்றி எழுதுவதில்லை. அது 302. வெளியூர்ப் பேருந்துகள் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் போனது 301. அது திரும்பி வருவதற்காகப் போனதில்லை.

சொந்த முகவரிக்கு மாறுவது நிரந்தரம் என்பதால் 301தான் சரி. தேடுபொறிகளும் 301ஐப் பார்த்தால் பழைய முகவரிக்கு இருந்த மதிப்பைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: 301ஐப் பிரவுசர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும். தவறான இடத்துக்கு 301 போட்டுவிட்டுப் பிறகு திருத்தினாலும், முன்பு வந்தவரின் பிரவுசர் சர்வரைக் கேட்காமலேயே பழைய தவறான இடத்துக்குப் போகக்கூடும். அதனால் நான் முதலில் 302 போட்டு, எல்லாப் பக்கமும் சரியாகப் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் 301 ஆக மாற்றுவேன்.

307, 308 என்றும் இரண்டு உண்டு. முறையே 302, 301 போன்றவையே. படிவத்தில் நிரப்பி அனுப்பிய தகவல் திருப்பத்தில் தொலைந்துவிடாமல் அப்படியே கொண்டுபோகும் என்பதே வேறுபாடு. முன்பதிவுப் படிவம், பணம் கட்டும் பக்கம் இல்லாத தளத்துக்கு இவை தேவைப்படாது.

எல்லாப் பழைய பக்கங்களையும் புதுத் தளத்தின் முகப்புக்கு அனுப்பினால் போதாதா? ஒரே வரியில் வேலை முடிந்துவிடுமே?

போதாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதிக்குப் புது முகவரி அமைத்தபோது நேரம் மிச்சமாகட்டும் என்று நானும் அந்த ஒரே வரியைத்தான் எழுதினேன். பழைய தளத்தில் 'வரும் வழி' என்று ஒரு பக்கம் இருந்தது. படமே இல்லாத பத்து வரி: ஏரியைத் தாண்டியதும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எத்தனையாவது வளைவில் பச்சை இரும்புக் கேட் வரும், அதற்குப் பிறகு சாலை மண் சாலையாகும் என்று விடுதி நடத்தும் அம்மாவே சொல்லி எழுதவைத்தது. அறை பதிவு செய்பவர்களுக்கு அந்தப் பக்கத்தின் லிங்க்கைத்தான் அவர் அனுப்பிவைப்பார்.

முகவரி மாறிய வாரம் ஒரு குடும்பம் இரவில் காரில் ஏறி வந்தது. மேலே பனிமூட்டம், கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடு. முன்பு வந்த லிங்க்கைத் தொட்டால் புதுத் தளத்தின் முகப்பு திறக்கிறது. பள்ளத்தாக்கின் பெரிய படம் பாதி வரை இறங்கி நின்றுவிடுகிறது. கடைசியில் அந்த அம்மா டார்ச் எடுத்துக்கொண்டு சாலை வரை நடந்து போய் அவர்களை அழைத்துவந்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, புது வாசல் அழகாகத்தான் இருக்கிறது. வழி கேட்டு வந்தவர்களுக்கு வழியைக் காட்டாமல் வாசலைக் காட்டினால் அவர்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்டார்.

அன்றைக்கே ஒவ்வொரு பழைய பக்கத்துக்கும் அதற்கு நேரான புதுப் பக்கத்தை எழுதினேன். 'வாடகை' பக்கம் வாடகைக்கு, 'சாப்பாடு' சாப்பாட்டுக்கு, 'வரும் வழி' வரும் வழிக்கு. நேரான பக்கம் புதுத் தளத்தில் இல்லையென்றால் அதற்கு மிக நெருக்கமானதற்கு அனுப்பலாம். அதுவும் இல்லையென்றால் 404 வரட்டும். அந்தப் பக்கத்தில் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டுவையுங்கள். தொடர்பில்லாத பக்கங்களையெல்லாம் முகப்பில் கொண்டுவந்து குவிப்பதைக் கூகுளும் 'பக்கம் இல்லை' என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

என் தளம் பிளாக்ஸ்பாட்டில் இருக்கிறது. எப்படி மாற்றுவது?

இருப்பதிலேயே எளிதானது இதுதான். பிளாக்கர் அமைப்புகளில் சொந்த டொமைன், அதாவது நீங்கள் வாங்கிய முகவரி, சேர்க்கும் இடம் இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. முகவரியைச் சேர்க்கும்போது, அதைத் தளத்தோடு இணைக்கும் இரண்டு சி-நேம் பதிவுகளைக் கொடுக்கும். டொமைன் வாங்கிய நிறுவனத்தின் டிஎன்எஸ் (முகவரி எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவேடு) பக்கத்தில் அவ்விரண்டையும் ஓர் எழுத்து பிசகாமல் ஒட்ட வேண்டும். இணைந்ததும் பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருபவர்கள் தாமாகவே புது முகவரிக்குப் போவார்கள், அதுவும் பக்கத்துக்குப் பக்கம். நீங்கள் ஒரு வரியும் எழுத வேண்டாம். எச்டிடிபிஎஸ் (பூட்டுக் குறியோடு வரும் பாதுகாப்பான இணைப்பு) தொடர்பான இரண்டு பொத்தான்களையும் 'ஆன்' செய்துவிடுங்கள்.

வேர்ட்பிரஸ் டாட் காம் இலவசத் தளம் என்றால்?

சொந்த முகவரியை இணைக்கக் கட்டணத் திட்டம் தேவை. இணைத்து, அதையே முதன்மை முகவரி என்று தேர்ந்தெடுத்தால் பழையது தானாகத் திரும்பும். தளத்தையே வேறு ஹோஸ்டிங்குக்கு (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் இடம்) கொண்டுபோய்விட்டால், பழைய முகவரியைத் திருப்பிவிடும் வசதிக்கு மட்டும் ஆண்டுக் கட்டணம் கட்டலாம்.

பழைய இடத்தில் ரீடைரக்ட் வசதியே இல்லை. என்ன செய்வது?

பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரு வரி சேர்க்க அனுமதி இருந்தால், பக்கம் திறந்ததும் பிரவுசரை வேறு முகவரிக்கு அனுப்பும் மெட்டா ரிஃப்ரெஷ் போடலாம். காத்திருக்கும் நேரத்தைப் பூஜ்ய நொடி என்று கொடுங்கள். அப்போதுதான் கூகுள் அதை நிரந்தர மாற்றமாக எடுத்துக்கொள்ளும். அதுவும் முடியாதென்றால், ஒவ்வொரு பழைய பக்கத்தின் முதல் வரியாக 'இந்தப் பக்கம் இங்கே மாறியிருக்கிறது' என்று எழுதி, நேரான புதுப் பக்கத்துக்கு லிங்க் கொடுங்கள். கையால் செய்யும் வேலைதான். ஆனால் வருபவர் தொலைந்துபோக மாட்டார்.

பிளாக்கரை விட்டுச் சொந்த ஹோஸ்டிங்குக்கே மாறுகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முகவரியையும் இடத்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் இருக்கும் இடத்திலேயே சொந்த முகவரியை இணைத்து, சில வாரம் ஓடவிட்டு, பிறகு இடத்தை மாற்றுங்கள். ஏதாவது கெட்டுப்போனால் எதனால் என்று கண்டுபிடிப்பது எளிது.

அடுத்ததாக ஒரு பட்டியல் வேண்டும். மூன்று கட்டம்: பழைய முகவரி, பக்கத்தின் தலைப்பு, புது முகவரி. தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. பிளாக்கர் தலைப்பிலிருக்கும் ஆங்கில எழுத்துகளை மட்டும் எடுத்து முகவரி அமைக்கும். தலைப்பு முழுவதும் தமிழ் என்றால் 'பிளாக்-போஸ்ட்' என்று வைத்து, பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்துவிடும். பட்டு வேட்டி பற்றிய பக்கமும் தீபாவளித் தள்ளுபடி பற்றிய பக்கமும் முகவரியைப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். தலைப்பை எழுதிவைக்காமல் வேலையைத் தொடங்கினால் எது எங்கே போக வேண்டும் என்று தெரியாது. கைப்பேசியில் பகிரப்பட்ட பிளாக்கர் லிங்க்குகளின் வாலில் கேள்விக்குறியும் 'எம்=1' என்ற ஒட்டும் இருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றுபவை பெரும்பாலும் இவைதான். பட்டியலைப் பார்த்து நீங்கள் எழுதும் ரீடைரக்ட் விதி அந்த வாலோடு வருவதையும் ஏற்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

புதுத் தளத்தில் பக்க முகவரியைத் தமிழிலேயே வைக்கலாம். எனக்கும் அதில் ஆசை உண்டு. ஆனால் கணினிகளுக்கிடையே அது போகும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக விரியும். 'ஏற்காடு' என்ற சொல்லில் ஒற்றுப்புள்ளியும் துணைக்காலும் சேர்த்து ஏழு குறியீடுகள். நகலெடுத்து ஒட்டினால் 63 எழுத்து நீளத்துக்கு சதவீதக் குறிகளாக வந்து நிற்கும். இதைவிட நுட்பமான சிக்கல் கொம்பில் இருக்கிறது. 'கொலுசு' என்பதில் வரும் 'கொ'வை யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறை) இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம், அல்லது ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று பிரித்துப் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சர்வருக்கு இரண்டும் வேறு வேறு. பட்டியலில் ஒருவிதமாகவும் லிங்க்கில் வேறுவிதமாகவும் இருந்தால் விதி பொருந்தாது. ஏன் பொருந்தவில்லை என்று திரையை வெறித்துப் பார்த்தாலும் தெரியாது. ஒரு மாலை முழுவதும் நான் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். பழைய முகவரியைத் தட்டச்சு செய்யாமல், இருக்கும் பக்கத்திலிருந்தே நகலெடுத்துப் பட்டியலில் ஒட்டுங்கள்.

பழைய முகவரியைத் திறந்தால் 'பாதுகாப்பற்றது' என்று பிரவுசர் பயமுறுத்துகிறது. புதுத் தளத்தில் பூட்டுக் குறி சரியாகத்தான் இருக்கிறது. ஏன்?

பழைய முகவரிக்கும், அது உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ் வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எச்டிடிபிஎஸ் வழியாக ஒருவர் வரும்போது, பிரவுசர் முதலில் சான்றிதழைச் சரிபார்க்கும். அதன் பிறகுதான் 'வேறு இடத்துக்குப் போ' என்ற பதிலையே கேட்கும். சான்றிதழ் இல்லையென்றால் பேச்சு அங்கேயே முறிந்துவிடுகிறது. டொமைன் விற்கும் நிறுவனங்கள் தரும் 'ஃபார்வர்டிங்' வசதியைப் பயன்படுத்துவதாக இருந்தால், அது எச்டிடிபிஎஸ்ஸையும் கையாளுமா, முகவரியில் சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்து அனுப்புமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'மாஸ்கிங்' என்று ஒரு வசதி தருவார்கள், அதைத் தொடாதீர்கள். பழைய முகவரியே மேலே தெரிந்துகொண்டிருக்கும். புது முகவரியை யாரும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் சான்றிதழ் இலவசம். குறுகிய காலமே செல்லும் என்பதால், தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு பழைய முகவரிக்கும் இருக்கட்டும்.

முகவரியின் முன்னால் மூன்று டபிள்யூ வேண்டுமா, வேண்டாமா?

எதுவாகவும் இருக்கட்டும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றதை அதற்குத் திருப்பிவிடுங்கள்.

'அளவுக்கு அதிகமான திருப்பங்கள்' என்று சொல்லிப் பக்கம் திறக்க மறுக்கிறது.

இரண்டு விதிகள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருக்கின்றன. ஹோஸ்டிங்கில் மூன்று டபிள்யூ இல்லாததற்கு அனுப்பச் சொல்லியிருப்பீர்கள். வேர்ட்பிரஸ் அமைப்பில் அது உள்ளதற்கு அனுப்பச் சொல்லியிருப்பீர்கள். வருபவர் நடுவில் சுற்றுகிறார். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். குரோம் பிரவுசரும் 20 திருப்பம் வரைதான் பொறுக்கும். கூகுளின் தேடல் ரோபோ 10க்கு மேல் தொடராது. வட்டமாக இல்லாமல் சங்கிலியாக நீண்டிருந்தாலும் அதை வெட்டிவிடுங்கள்: மிகப் பழைய முகவரி நடுவில் இருப்பதற்குப் போய், அங்கிருந்து புதியதற்குப் போகாமல், நேராகப் புதியதற்கே போகட்டும். மலையில் சிக்னல் மெலிந்த இடத்தில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் சில நொடி கூடும்.

டிஎன்எஸ் மாற்றி ஒரு மணி நேரமாகிறது. எனக்குப் புதுத் தளம் தெரிகிறது. ஈரோட்டிலிருக்கும் மைத்துனருக்குப் பழையதே தெரிகிறது.

டிஎன்எஸ் பதிவு ஒவ்வொன்றிலும் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கும். அந்தப் பதிவை எத்தனை நொடி நினைவில் வைத்திருக்கலாம் என்பதற்கான கணக்கு. 14,400 என்றிருந்தால் நான்கு மணி நேரம். மைத்துனரின் இணையச் சேவை நிறுவனம் பழைய பதிவை இன்னும் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். மாற்றுவதற்கு முந்தைய நாளே அதை 300க்குக் குறைத்துவைத்தால் ஐந்து நிமிடத்தில் பெரும்பாலும் எல்லோருக்கும் தெரியும். வேலை முடிந்ததும் பழையபடி கூட்டிவிடுங்கள்.

இணையதளம் மாறியது, கடை மின்னஞ்சல் நின்றுவிட்டது!

டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றியிருப்பீர்கள். மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லும் எம்எக்ஸ் பதிவுகள் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. மாற்றுவதற்கு முன் டிஎன்எஸ் பக்கத்தை முழுவதும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மொத்த ஆர்டர் மின்னஞ்சலில் வரும் கடைக்கு ஒரு நாள் நின்றாலும் இழப்பு பெரிது.

கூகுள் தேடலில் என் இடம் கீழே போய்விடுமா?

கொஞ்ச நாள் ஏற்ற இறக்கம் இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் 301 இருந்தால் பயப்பட வேண்டாம். தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் பழையது, புதியது இரண்டையும் ஒரே கணக்கில் உறுதிப்படுத்தி, முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். ஒரு டொமைனிலிருந்து இன்னொரு டொமைனுக்கு மாறுபவர்களுக்கான கருவி அது. கடையின் கூகுள் விவரப் பக்கத்திலும் முகநூல் பக்கத்திலும் புது முகவரியைக் கையால் மாற்றிவிடுங்கள். ஏற்காட்டு விடுதிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மே மாதக் கோடை விழாவை ஒட்டி இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். மழைக்காலத்தில், அறைகள் காலியாக இருக்கும் வாரத்தில் செய்யுங்கள்.

எத்தனை நாள் பழைய முகவரியைத் திருப்பிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்?

கூகுளுக்காக என்றால் குறைந்தது ஓர் ஆண்டு. அந்த நிறுவனமே அப்படித்தான் சொல்கிறது. மனிதர்களுக்காக என்றால் கொலுசுப் பெட்டி பீரோவில் இருக்கும் வரை. முந்தையதும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டொமைன் என்றால், ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே வாருங்கள். 'டாட் காம்' முகவரி காலாவதியாகி நிறுவனத்தால் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம், அதன் பிறகு 5 நாள், பின்பு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நன்றாக ஓடிய கடையின் பழைய பெயரைச் சூதாட்டத் தளம் நடத்துபவர்கள் தேடி வாங்குவது உண்டு. உங்கள் பெட்டி மூடியைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் ஒரு பாட்டி எங்கே போய் நிற்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

முகவரி முழுவதையும் தமிழிலேயே வாங்க முடியுமா?

முடியும். 'டாட் இந்தியா' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகள் இருக்கின்றன. பெயர்ப்பலகையில் அழகாக இருக்கும். ஆனால் சில செயலிகளும் மின்னஞ்சல் சேவைகளும் அதை இன்னும் சரியாக ஏற்பதில்லை. அதனால் ஆங்கில எழுத்து முகவரியை முதன்மையாக வைத்து, தமிழ் முகவரியை அதற்குத் திருப்பிவிடுங்கள் என்பேன்.

எல்லாம் முடிந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

உங்கள் கணினியில் பார்க்காதீர்கள். அது பழையதையெல்லாம் நினைவில் வைத்திருக்கும். வேறொருவரின் கைப்பேசியை வாங்கி, வைஃபையை அணைத்துவிட்டு, மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்து பாருங்கள். பட்டியலிலிருந்து பத்துப் பழைய முகவரிகள். வாலோடு ஒன்று, மூன்று டபிள்யூவோடு ஒன்று, எச்டிடிபிஎஸ் இல்லாமல் ஒன்று. பிறகு பழைய விசிட்டிங் கார்டில் இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். அதற்குள் பதிந்திருப்பது பழைய முகவரிதான், அச்சடித்த பிறகு மாற்ற முடியாது. கொலுசுப் பட்டறைக்காரர் அப்படித்தான் செய்தார்: கடைக்கு வந்திருந்த ஒருவரிடமே பெட்டியைக் கொடுத்து, மூடியில் இருப்பதைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொன்னார். புது முகவரியில் 'பழுது பார்த்தல்' பக்கம் திறந்தது. அன்றே அடுத்த ஆயிரம் பெட்டிக்கு அச்சகத்தில் புது முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.